சொல்லக் கூசிய நோய்க்குச் சொல் தந்தவர்

நோய்கள் எல்லாம் ஒரு தரத்தன அல்ல. சில நோய்கள் வந்தால் மனிதன் ஊர் கூட்டிச் சொல்லுவான். சில வந்தால் உடனுறையும் மனைவிக்கும் சொல்லான். காய்ச்சல், தலையிடி, கண்ணோவு என்பன முன்னைய வகையைச் சேர்ந்தன. ஆண்மக்களை வருத்துகின்ற சலக்கடுப்பு, நீரடைப்பு, கல்லடைப்பு, விரைவீக்கம் என்பன பின்னைய வகையைச் சேர்ந்தன. யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே இவ்வகை நோயுற்ற முதியவர்கள் பரியாரியார் வீட்டுத் திண்ணையிற் போயிருந்து, மழையைப் பற்றியும் தோட்டத்தைப் பற்றியும் புகையிலை விலையைப் பற்றியும் நெடுநேரம் பேசிவிட்டு, எழும்பிப் போகும் வேளையில், உடம்பு கொஞ்சம் சூடாயிருக்கிறது என்று சாடையாகச் சொல்லும் வழக்கத்தை நான் அறிவேன். அந்தச் சூடு எத்தகைய சூடு என்பதைப் பரியாரியார் உடனே விளங்கிக்கொள்வார். இருவருக்கும் பொதுவான ஒரு மொழி இருந்தமையே அதற்குக் காரணம்.

நோயாளி வாய் திறவாவிட்டால் வைத்தியன் என்ன செய்வான்? நாடியைப் பார்க்கலாம், நாவைப் பார்க்கலாம். ஆனால், எத்தனை நாளாக நோகிறது, இரவிலே எத்தனை முறை எழும்ப நேர்கிறது, சலம் தாரையாய்ப் போகிறதா, துளித்துளியாய் விழுகிறதா என்பவற்றை நோயாளியின் வாயினின்றே அறிதல் வேண்டும். ஆகவே மறைக்கப்படும் நோய்களின் சிகிச்சை மருந்திலே தொடங்குவதில்லை, சொல்லிலே தொடங்குகிறது. இந்த உண்மையை வைத்துக்கொண்டு டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் பெரியாரின் வாழ்க்கையை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து. அவரைத் தமிழ் மருத்துவ நூல்களின் தந்தை என்று பலரும் புகழ்ந்துள்ளனர். அந்நூல்கள் ஏன் தமிழில் எழுந்தே ஆகவேண்டியிருந்தன என்னும் வினாவுக்கு, ஆண்களின் சலநோய்களை வைத்து நோக்கினால் தெளிவான விடை கிடைக்கிறது என்பது என் எண்ணம்.

கடல் கடந்து வந்தவர்

அமெரிக்க நாட்டின் மசாசூசெற்ஸ் மாகாணத்திலே வூஸ்ரர் என்னும் நகரம் உண்டு. அந்நகரை அடுத்த கிறீன் ஹில் என்னும் பண்ணை நிலத்திலே 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் கிறீன் பிறந்தார். பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம் அவருடையது. அவருடைய தமையனாராகிய அன்ட்ரூ கிறீன் பிற்காலத்தில் நியூயோர்க் மாநகரின் நிருமாணத்திலே முதன்மையிடம் பெற்றார். அந்நகரின் நடுவே விரிந்து கிடக்கும் புகழ்பெற்ற பூங்கா உருவாவதற்கு உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். தமையனார் தம் நாட்டிலே ஒரு பெருநகரத்தை ஆக்கினார்; தம்பியாரோ ஆறில்லாத, மலையில்லாத, பனை நிறைந்த நம் சிறு குடாநாட்டைத் தேடி வந்தார்.

நியூயோர்க்கிலே மருத்துவக் கல்லூரியிற் பயின்று 1845இல் பட்டம் பெற்ற கிறீன், அமெரிக்க மிஷனின் சார்பில் 1847 ஏப்ரிலிலே பொஸ்ரன் துறைமுகத்திற் கப்பலேறி, அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் யாழ்ப்பாணம் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 25. அவருக்கு முன்னரும் இருவர் அமெரிக்க மிஷனின் வைத்தியர்களாக இங்கே பணியாற்றியிருந்தனர். பண்டத்தரிப்பிலே 1820இல் வைத்தியத் தொண்டினைத் தொடங்கிய ஜோன் ஸ்கடர் ஒருவர். வட்டுக்கோட்டையிலே பணிபுரிந்து 1846இல் நாடு திரும்பிய நேதன் வாட் மற்றவர். அவர்கள் விட்ட இடத்தைத் தொடரவே கிறீன் அழைக்கப்பட்டார். முதலில் வட்டுக்கோட்டையிலும் அடுத்த ஆண்டு தொடக்கம் மானிப்பாயிலும் அவர் குடியிருந்தார். மானிப்பாய் அவருடைய பெயரோடு அன்று தொட்டு இணைந்துவிட்டது.

1848ஆம் ஆண்டிலே மூன்று மாணவர்களுடன் மானிப்பாயில் ஒரு மருத்துவ வகுப்பினை அவர் ஆரம்பித்தார். கொழும்பிலே அரசாங்க மருத்துவப் பாடசாலை எழுந்தது 1870இல். அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்னரே இங்கே மேனாட்டு மருத்துவம் முறையாகக் கற்பிக்கப்பட்டது என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். அதே 1848இலேதான் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் தம் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். நாவலரும் கிறீனும் ஒரே ஆண்டிற் பிறந்தவர்கள். சமய நோக்கில் எதிரெதிர் நின்ற இவ்விருவரும், தமிழிலே கற்பிக்க வேண்டும், தமிழிலே அச்சிட வேண்டும் என்னும் ஒரு கொள்கையில் ஒருங்கு நின்றனர்.

அக்காலத்து மருத்துவம்

கிறீன் கல்வி கற்று வெளியேறிய காலம் மேனாட்டு மருத்துவம் பெரிய மாற்றத்தின் வாயிலில் நின்ற காலம். பொஸ்ரன் நகர வைத்தியசாலையிலே ஈதர் என்னும் மயக்க மருந்தினைக் கொடுத்துச் சத்திரசிகிச்சை செய்து காட்டியது 1846இல். எடின்பரோவிலே குளோரோபோம் பயன்படத் தொடங்கியது 1847இல். இவற்றுக்கு முன்னர், சலப்பையிலே கல் உள்ள ஒருவனை நாலு பேர் பிடித்துக்கொள்ள, அவன் உணர்வோடு இருக்கும்போதே கத்தி வைக்கும் கொடுமை நிலவியது. விரைந்து வெட்டுபவனே சிறந்த சத்திரவைத்தியன் என்று கருதப்பட்டான். பண்டை இந்தியாவிலே சுசுருதர் கல்லை வெட்டி எடுக்கும் முறையினை விரித்துரைத்தபோதும், வேறு வழியில்லாதவிடத்தே மாத்திரம் அதனைச் செய்க என்னும் எச்சரிக்கையோடே உரைத்தார்.

கல் எங்ஙனம் உண்டாகிறது என்னும் ஆராய்ச்சியிலும் அக்காலத்தில் ஒரு விளக்கு ஏற்றப்பட்டது. மானிப்பாயிலே வகுப்புத் தொடங்கிய அதே 1848ஆம் ஆண்டிலே, இலண்டனில் அல்பிரெட் கறொட் என்னும் வைத்தியர், காற்பெருவிரல் மூட்டிலே தொடங்கி உயிரை வாங்கும் கீல்வாத நோயுள்ளோரின் இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதைக் கண்டு வெளியிட்டார். மூட்டிலே படிந்து அழற்சியை உண்டாக்கும் அதே பொருள் சிறுநீரகத்திலே படிந்தால் கல்லாகிறது. பெரும்பாலும் ஆண்களைப் பற்றும் இந்நோயிலே, மூட்டு நோவும் கல்லடைப்பும் வேறு வேறு வினைப்பயன்கள் அல்ல. ஒரே வேரினின்று கிளைத்த இரு கிளைகள்.

அதற்கும் 30 ஆண்டுகளுக்கு முன்னர், 1818இல், இலண்டன் சத்திரவைத்தியராகிய பெஞ்சமின் புறோடி மூட்டு நோய்களைப் பற்றி எழுதிய நூலிலே, சலவாயில் அழற்சி, கண்ணழற்சி, மூட்டழற்சி ஆகிய மூன்றும் ஒருவரையே ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றிய சிலரைப் பற்றிக் குறித்துள்ளார். இவ்வகை மூட்டழற்சி இன்று நன்கு அறியப்பட்டது. சலவாயிலிலோ குடலிலோ ஏற்பட்ட ஒரு தொற்றினைத் தொடர்ந்து உடலின் காப்புச் சக்தி தன் உடலையே தாக்குவதால் அது விளைகிறது. சலவாயிற் தொற்றினைத் தொடர்வது பெரிதும் ஆண்களிடமே காணப்படுகிறது.

நம் நாட்டுப் பழைய வைத்தியர்கள் இத்தகைய தொடர்பினை அறியாதவர்கள் அல்லர். மேகவாதம், மேகச்சூலை என்னும் பெயர்களை நோக்குக. சலவழியில் உண்டாகும் கோளாறுகளை மேகம் என்றும், மூட்டு நோவினை வாதம் அல்லது சூலை என்றும் கூறிய அவர்கள், இரண்டும் சேர்ந்து வருவதைக் கண்டு இரண்டையும் ஒரே பெயரிற் பிணைத்தனர். யாழ்ப்பாண அரசர் காலத்து மருத்துவ நூலென மதிக்கப்படும் பரராசசேகரத்திலே மேகரோகத்துக்குத் தனிப்பகுதி உண்டு. ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை அவர்கள் 1928 தொடக்கம் அந்நூலைப் பகுதி பகுதியாக அச்சிட்டு உதவினார். புறோடி கண்ட நோயும் நம்மவர் கண்ட மேகச்சூலையும் முற்றும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. மேகம் என்னும் சொல்லின் நிழலிலே பல நோய்கள் ஒதுங்கியிருந்தன. ஆனால் நோயாளி சொல்லக்கூடிய, வைத்தியன் கேட்டு விளங்கக்கூடிய ஒரு சொற்கூட்டம் நம்மிடத்தே முன்னரே இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

ஆங்கிலத்தில் தொடங்கித் தமிழுக்கு

கிறீன் தம் வகுப்பை முதலில் ஆங்கிலத்திலேயே நடத்தினார். அக்காலத்தில் அது இயல்பே. 1823இல் நிறுவப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரியிலே ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞர்கள் அவருக்கு மாணவர்களாக வாய்த்தனர். பாடநூல்களும் ஆங்கிலத்திலேயே இருந்தன. மாணவர்கள் திறமையாகக் கற்றனர். நல்ல வைத்தியர்களாக வெளியேறினர். அரசாங்க அதிபராயிருந்த டைக் துரையின் முயற்சியால் 1850இல் யாழ்ப்பாண நகரிலே எழுந்த வைத்தியசாலையும் மேனாட்டு வைத்தியம் பரவ உதவியது. அதுவே பின்னர் வளர்ந்து இன்று போதனா வைத்தியசாலையாக விளங்குகிறது.

ஆயினும் காலஞ் செல்லச் செல்லக் கிறீன் ஒரு குறையைக் கண்டார். ஆங்கிலத்திற் கற்ற வைத்தியர்கள் ஆங்கிலத்தால் வாழ விரும்பினர். அரசாங்க உத்தியோகம் அவர்களைத் தென்னிலங்கைக்கு அழைத்தது. சம்பளம் பெரிது, மதிப்பும் பெரிது, யார்தான் போகமாட்டார்? மானிப்பாயிலே கற்ற கல்வி மானிப்பாய்க்கு உதவாமற் போயிற்று. சாவகச்சேரியிலும் அளவெட்டியிலும் நெடுந்தீவிலும் நோயாற் கிடந்தவன் முன்போலவே கிடந்தான்.

கிறீன் விடுமுறை பெற்று அமெரிக்கா சென்று, அங்கே மார்கிரெட் வில்லியம்ஸ் என்னும் அம்மையாரை மணஞ்செய்துகொண்டு, 1862இல் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். அவ்வாண்டிலேதான் வின்சுலோ பாதிரியாரின் பெரிய தமிழ் ஆங்கில அகராதியும் சென்னையில் வெளிவந்தது. மீண்டு வந்த கிறீன் ஒரு துணிவான முடிவினைச் செய்தார். 1864 தொடக்கம் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கலானார்.

இம்முடிவிற்குக் கூறப்படும் காரணம், தமிழிற் கற்றவர் ஊரிலேயே தங்கி ஊராருக்கு உதவுவர் என்பது. அக்காரணம் உண்மையே. ஆனால் அதனுள்ளே இன்னொரு காரணமும் அடங்கியிருக்கிறது என்று நான் கருதுகிறேன். ஆங்கிலத்தில் மாத்திரம் நோய்ப் பெயர் கற்ற வைத்தியன், தமிழ் நோயாளியின் முன்னே அமர்ந்ததும் இரு வழிகளுள் ஒன்றையே மேற்கொள்ள முடியும். ஒன்றில், தான் கற்ற ஆங்கிலச் சொல்லைச் சொல்லி நோயாளியை மிரள வைப்பான். அன்றேல், தெருவிலே வழங்கும் கொச்சைச் சொல்லைச் சொல்லி அவனைக் கூசவைப்பான். இரண்டும் நோயாளியின் வாயை அடைத்துவிடும். நாகரிகமாகவும் இருக்க வேண்டும், விளங்கவும் வேண்டும்; அத்தகைய ஒரு நடுச்சொல் வேண்டும். கண்ணோய்க்கும் காய்ச்சலுக்கும் இந்த இடர்ப்பாடு இல்லை. சலவழி நோய்க்கோ இதுவே முதல் இடர்ப்பாடு.

நூல்களின் அணிவகுப்பு

வகுப்பைத் தமிழுக்கு மாற்றுவதென்றால் நூல்கள் தமிழில் வேண்டும். அப்பணியைக் கிறீன் 1850ஆம் ஆண்டளவிலேயே தொடங்கியிருந்தார். உடலமைப்பு, உடற்றொழில், சுகாதாரம் ஆகியவற்றைக் கூறும் கட்டரின் நூலும், மகப்பேற்று மருத்துவம் கூறும் மோன்செல்லின் நூலும் 1850களிலேயே தமிழாகிவிட்டன. பின்னையது பிரசவ வைத்தியம் என்னும் பெயருடன் வந்தது. இங்கே ஒன்றனைக் கவனித்தல் வேண்டும். பெண்களுக்குரிய மருத்துவம் முதலில் தமிழானது. ஆண்களின் அந்தரங்க நோய்களைக் கூறும் மருத்துவம் பின்னரே வந்தது.

அந்நூல் 1867இல் வெளிவந்த இரண வைத்தியம். இங்கிலாந்துச் சத்திரவைத்தியராகிய றொபேட் துறூயிற் எழுதி, 1839இல் முதன்முதல் வெளிவந்து, மாணவர் பலரின் கைந்நூலாய் விளங்கிய சத்திரவைத்திய நூலின் தமிழாக்கம் அது. சலவாயில் ஒடுங்குதல், சலம் அடைபடுதல், சலப்பைக் கல், முன்னிற்கும் சுரப்பியின் வீக்கம், விரையிலே நீர் கோத்தல், மேகவெட்டை ஆகிய அனைத்தும் துறூயிற்றின் நூலுக்குரிய பொருள்கள்.

நீடித்த அழற்சி ஒன்று ஆணின் சலவழியை எங்ஙனம் கெடுக்கிறது என்பதை இங்கே சுருங்கக் கூறலாம். சலவாயிலின் உட்சுவர் மெல்லிய சவ்வினாலானது. அதிலே அழற்சி நெடுங்காலம் நின்றால், புண் ஆறிய இடத்தே தழும்பு விழுகிறது. தழும்பு சுருங்கும் இயல்புடையது. அது சுருங்கச் சுருங்க வழி ஒடுங்குகிறது. சலம் மெல்லிய நூலாய், பின்னர் துளியாய் வந்து, ஒருநாள் முற்றாக நின்றுவிடுகிறது. அப்பொழுது சலப்பை வயிற்றிலே பானைபோற் பருக்கும். வேதனை சொல்லி முடியாது. தக்க காலத்தில் ஒரு குழாயினைச் செலுத்திச் சலத்தை இறக்கினால் உயிர் தப்பும். தாமதித்தால் சிறுநீரகங்கள் பழுதாகும், அல்லது வழி பிய்ந்து சலம் தசைக்குள்ளே பரவும். உயிர் போவது நோயின் கொடுமையால் மாத்திரம் அன்று; வெட்கத்தால் ஏற்பட்ட தாமதத்தாலுமே. குழாய் செலுத்தக் கற்ற ஒருவன் ஊரிலே இருந்தான் என்பதும், அவனிடம் சொல்லுவதற்கு ஒரு சொல் இருந்தது என்பதும் அக்காலத்தில் உயிருக்கும் சாவுக்கும் இடையே நின்றன.

இரண வைத்தியம் வெளிவந்த அதே 1867இலே கிளாஸ்கோவிலிருந்து யோசேப் லிஸ்ரர், காயத்திலே நச்சுக்கிருமி புகாது காக்கும் தம் முறையினை வெளியிட்டார். மேனாட்டார் சத்திரசிகிச்சையின் புதிய அத்தியாயத்தை எழுதத் தொடங்கிய ஆண்டிலே யாழ்ப்பாணத்தார் அக்கலையின் நூலைத் தம் தாய்மொழியிலே விரித்துப் படிக்கக்கூடியவராய் இருந்தனர். நாம் பிந்தியிருந்தோம் என்பதைவிட, எத்துணை அருகிலே இருந்தோம் என்பதே என்னை வியக்கவைக்கிறது.

தொடர்ந்து 1872இல் கிரேயின் உடலமைப்பு நூல் மனுஷ அங்காதிபாதம் என்னும் பெயரோடும், ஹூப்பரின் மருத்துவ நூல் வைத்தியாகரம் என்னும் பெயரோடும் வந்தன. கீல்வாதம், சிறுநீரக நோய்கள், நீரிழிவு முதலிய உள்நோய்களுக்கு ஹூப்பரின் நூல் வழிகாட்டி. 1875இல் இரசாயன நூலாகிய கெமிஸ்தமும், 1883இல் மனுஷ சுகரணம் என்னும் உடற்றொழில் நூலும் வந்தன. இந்திய மூலிகைகளையும் மருந்துப் பொருள்களையும் கூறும் நூலொன்றும் இவ்வரிசையிற் சேரும். மொத்தம் 4,000க்கும் மேற்பட்ட பக்கங்கள். இவை ஒருவர் கைவேலை அல்ல. கிறீனிடம் கற்ற தமிழ் மாணவர்களே மொழிபெயர்ப்பின் பெரும்பாரத்தைத் தாங்கினர். கிறீன் வழிகாட்டியும் பதிப்பாசிரியரும் ஆயினார். இதனை மறந்து அனைத்தும் அவராலேயே ஆயிற்று எனக் கூறுதல் அவருக்கும் உவப்பாயிராது.

கலைச்சொல் ஆக்கத்திலே அவர் ஓர் ஒழுங்கினைக் கைக்கொண்டார். தமிழிலே ஏற்ற சொல் உண்டா என்று முதலில் தேடினார். இல்லையேல் வடமொழியிலே தேடினார். அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்திலே பெயர்த்துக்கொண்டார். கெமிஸ்தம் என்னும் பெயரே மூன்றாவது வழிக்கு எடுத்துக்காட்டு. அங்காதிபாதம், சுகரணம் என்பன இரண்டாவது வழியின. இன்று நோக்குவார்க்கு அவருடைய சொற்களிலே வடமொழி மிகுந்திருப்பதாகத் தோன்றும். அக்குறை உண்மையானதே. ஆயினும் கூச்சந் தரும் உறுப்புகளையும் நோய்களையும் பொறுத்தவரை, வடமொழிச் சொல் ஒரு மெல்லிய திரைபோல உதவியது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். திரை மிகத் தடித்தால் பொருள் மறையும். முற்றாக நீங்கினால் முகங் கூசும். எவ்வளவு திரை வேண்டும் என்பதே கலைச்சொல் ஆக்குவோர்க்கு என்றும் உள்ள சோதனை.

வேட்டி கட்டிய வைத்தியர்

கிறீனுடைய மாணவர்களைப் பற்றிய ஒரு செய்தி இங்கே பொருந்தும். தம்மிடம் கற்பவர்கள் மேனாட்டு உடையையும் நடையையும் மேற்கொண்டு, ஊராரினின்றும் விலகி நிற்பதை அவர் விரும்பவில்லை. சமயத்தாற் கிறித்தவராகலாம், நாட்டுப் பண்பினால் தமிழராகவே இருத்தல் வேண்டும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். காற்சட்டையும் தொப்பியும் அணிந்து நாற்காலியில் இருக்கும் வைத்தியனிடம், தோட்டக்காரன் தன் சலக்கடுப்பைச் சொல்ல மாட்டான். வேட்டி சால்வையோடு திண்ணையிலே வந்திருக்கும் வைத்தியனிடம் சொல்லுவான். உடையும் ஒரு மொழி அன்றோ?

அவர் மிஷனரி என்பதையும், சமயம் பரப்புதல் அவருடைய பணியின் நோக்கங்களுள் ஒன்று என்பதையும் மறைக்க வேண்டியதில்லை, அவரும் மறைத்தாரில்லை. அது பற்றிச் சைவ மக்களிடையே எழுந்த ஐயமும் கண்டனமும் வரலாற்றின் ஒரு பகுதி. ஆனால் நீரடைப்பினால் துடிப்பவனின் வேதனை சைவமும் அறியாது, கிறித்தவமும் அறியாது. அவ்வேதனையை நீக்கும் கல்வியை அவர் தமிழிலே தந்தார் என்பதை எச்சமயத்தாரும் நன்றியோடு ஏற்றனர்.

அவரிடம் கற்று வெளியேறியவர்கள் 60க்கு மேற்பட்டோர். அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழ் மூலமே மருத்துவங் கற்றவர்கள்.

தூரத்திலிருந்து திருத்திய ஏடுகள்

உடல்நலங் குன்றியமையால் 1873இல் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்க நேர்ந்தது. மீண்டும் வரக் கொடுத்துவைக்கவில்லை. ஆனால் பணி நின்றதா? இல்லை. மானிப்பாயிலே மாணவர்கள் மொழிபெயர்ப்பர். ஏடுகள் கடல் கடந்து வூஸ்ரர் சேரும். அங்கே பனி பொழியும் கிறீன் ஹில்லிலே இருந்துகொண்டு, அயலிலே தமிழ் பேசுவார் ஒருவருமின்றி, அவர் ஒவ்வொரு வரியாகத் திருத்துவார். ஏடுகள் மீண்டும் கடல் கடக்கும். ஏறக்குறைய 11 ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. கெமிஸ்தமும் மனுஷ சுகரணமும் அக்காலத்தின் விளைவுகளே.

1884ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் திகதி, தம் 61ஆம் வயதில், தாம் பிறந்த அதே கிறீன் ஹில்லிலே அவர் காலமானார். தம் கல்லறை எளிமையாக இருத்தல் வேண்டும் என்றும், தம்மைத் தமிழருக்கு மருத்துவத் தொண்டு செய்த ஊழியன் என அதிலே குறித்தல் வேண்டும் என்றும் அவர் எழுதிவைத்திருந்தார். வாழ்ந்த ஆண்டுகளிற் பெரும்பகுதியை அமெரிக்காவிற் கழித்த ஒருவர், தம் அடையாளமாகத் தமிழர் என்னும் பெயரைக் கல்லிலே பொறிக்கச் சொன்னார். மானிப்பாயிலே அவர் பெயரால் விளங்கும் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை நம் பக்கத்து நினைவுக்கல். கவிஞர் அம்பி 1967இல் வெளியிட்ட கிறீனின் அடிச்சுவடு என்னும் நூல் அவரை நம் தலைமுறையினருக்கு மீண்டும் அறிமுகஞ் செய்தது.

அவருக்குப் பின்

கிறீன் போனபின் தமிழ் மருத்துவ வகுப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. மேனாட்டு மருத்துவக் கல்வி முழுவதும் ஆங்கிலத்தின் வசமாயிற்று. அச்சிட்ட நூல்கள் நூலகங்களின் அலுமாரிகளிலே தங்கிவிட்டன.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே இணுவிலில் பெண்களுக்கென மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. நம் பெண்கள் ஆண் வைத்தியரிடம் உடம்பைக் காட்டக் கூசுவர் என்பதை உணர்ந்து, பெண் வைத்தியர்களையே கொண்டு அது நடத்தப்பட்டது. பெண்ணின் நாணத்தை உலகம் மதித்தது. அதற்கு ஒரு கட்டடமே கட்டியது. ஆணுக்கும் நாணம் உண்டு என்பதை எவரும் எண்ணவில்லை. ஆண்மகன் வீரன், அவனுக்கு என்ன கூச்சம் என்று விட்டுவிட்டனர். அந்த நாணத்துக்குக் கிடைத்த புகலிடம் கட்டடம் அன்று; கிறீனும் அவருடைய மாணவர்களும் ஆக்கிய தமிழ் நூலே.

இன்று மருத்துவம் எவ்வளவோ முன்னேறிவிட்டது. குடலிலே நீடித்து நிற்கும் அழற்சியாகிய குரோன் நோய் 1932இல் அமெரிக்க வைத்தியர் மூவரால் விளக்கி எழுதப்பட்டது. அந்நோயுள்ளோருக்கு, குடல் கொழுப்பைச் சரிவர உறிஞ்சாமையால், ஒட்சலேற்று என்னும் உப்பு சலத்தில் மிகுந்து சிறுநீரகக் கல் உண்டாகலாம். சிலவேளை அழற்சியுற்ற குடலுக்கும் சலப்பைக்கும் இடையே துளை விழுந்து, சலத்தோடு காற்று வெளிப்படலாம். பெண்களிலே குடலுக்கும் சலப்பைக்கும் நடுவே கருப்பை அமைந்திருப்பதால், இத்துன்பம் ஆண்களிடமே மிகுதி. முள்ளந்தண்டினை இறுக்கும் மூட்டழற்சியுள்ளோருக்குக் கல்லுண்டாகும் வாய்ப்பு ஏனையோரினும் கூடுதல். கீல்வாதக்காரருக்கோ அது பழைய துணை. அனலடிக்கும் வெயிலிலே வேர்வை சிந்தி உழைத்து, போதிய தண்ணீர் குடியாத நம் தோட்டக்காரர்களுக்கு இந்நோய்கள் சேர்ந்தால் ஆபத்து இருமடங்காகும்.

இவற்றுக்கு இன்று நல்ல மருந்துகள் உள்ளன. கத்தி வையாமலே கல்லைப் பொடியாக்கும் கருவிகள் உள்ளன. இல்லாதது ஒன்றே: மூட்டு நோவுக்கு வைத்தியம் செய்யும் ஒருவரிடம், சலத்திலும் எனக்கு ஒரு குறை உண்டு என்று நோயாளி தானாகச் சொல்லும் துணிவு. மூட்டுக்கும் சலத்துக்கும் என்ன தொடர்பு என்று அவன் எண்ணுகிறான். தொடர்பு உண்டென்று அறிந்தாலும் சொல்லச் சொல் இல்லாமல் விழுங்கிவிடுகிறான். மேகச்சூலை என்று ஒரே பெயரிட்டு இரண்டையும் சேர்த்துச் சொன்ன அவனுடைய பாட்டனுக்கு இந்தத் தடுமாற்றம் இருந்திராது.

ஆகவே ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது சிறிதே. சுகாதார பாடத்திலே சலத்தொகுதி என்னும் அதிகாரம் வரும்போது, அதனை வீட்டிலே படித்துக்கொள்க என்று தாண்டிப் போகும் வழக்கம் நம் பாடசாலைகளில் உண்டு. அதனை விட்டுவிடல் வேண்டும். சிறுநீரகம், சலப்பை, சலவாயில், முன்னிற்கும் சுரப்பி என்னும் சொற்களைக் கரும்பலகையிலே எழுதி, உரத்த குரலிலே வாசிப்பித்தல் வேண்டும். பன்னிரண்டு வயதிலே கூச்சமின்றிச் சொல்லிப் பழகிய சொல், அறுபது வயதிலே வைத்தியர் முன்னிலையில் நாவிலே தானாக வரும். ஒவ்வோர் ஆண்டும் கிறீனுக்குச் சிறப்புரை நிகழ்த்துகிறோம், மாலை சூட்டுகிறோம். அந்த ஒரு பாடத்தை நாணாமல் நடத்தும் ஆசிரியர், 1864இல் மானிப்பாயிலே அவர் தொடங்கிய வகுப்பினையே தொடர்ந்து நடத்துபவராவார்.